‘ஸ்பிளாஷ்’ என்ற ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மொழிபெயர்ப்பு வகுப்பு எடுக்கும்போது மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் ஒரே சொல்லைப் பற்றியவை. அகராதியைத் திறந்தால் ‘ஸ்பிளாஷ்’ என்பதற்கு நேரே தெறித்தல், தெளித்தல், சிதறுதல், வாரியடித்தல் என்று நாலைந்து சொற்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் எதை எங்கே வைப்பது என்பதை அகராதி சொல்வதில்லை. மாணவர்களின் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இச்சொல்லின் அடிப்படைப் பொருள் என்ன?

திரவம் ஒன்று எதன் மீதாவது மோதி, அல்லது திரவத்தின் மீது ஏதாவது மோதி, அந்த விசையால் துளிகளாக எழும்பிச் சிதறுவதே ஸ்பிளாஷ். திரவம் வேண்டும், மோதல் வேண்டும், சிதறல் வேண்டும். பெரும்பாலும் ஒரு சத்தமும் கூடவே வரும். இவற்றுள் மோதல்தான் உயிர்நாடி. வெடித்த குடத்திலிருந்து நீர் கசிந்து திண்ணையில் பரவினால் அது ஸ்பிளாஷ் ஆகாது. அதே குடம் கைதவறிக் கிணற்றடிச் சீமெந்துத் தரையில் விழுந்து நீர் நாலாபுறமும் பாய்ந்தால் அது ஸ்பிளாஷ்.

சொல் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். வினையாக வரும்போது, நீர் தானே தெறிப்பதையும் ஒருவர் நீரைத் தெறிக்கச் செய்வதையும் உருவம் மாறாமல் குறிக்கும். தமிழில் ‘சிதறியது’, ‘சிதறடித்தான்’ என்று நாம் தன்வினைக்கும் பிறவினைக்கும் வேறு வேறு வடிவம் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் இந்த ஒரே வடிவம் இரண்டு வேலையையும் பார்க்கிறது.

அப்படியானால் தமிழில் இதற்கு ஒரே நிகரான சொல் ஏன் இல்லை?

ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். சென்ற கார்த்திகையில், அடைமழை விட்டிருந்த ஒரு காலை, கல்முனை வீதியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். வீதியோரக் குழியில் கலங்கல் நீர் முழங்கால் அளவுக்குத் தேங்கியிருந்தது. வேகமாக வந்த வான் ஒன்றின் இடப்பக்கச் சில்லு அந்தக் குழிக்குள் இறங்கியது. நீர் ஒரு விசிறியைப்போல விரிந்து எழுந்து, எங்களுக்கு முன்னால் நின்ற பள்ளிக்கூடப் பையனின் வெள்ளைச் சேட்டில் தோளிலிருந்து இடுப்புவரை விழுந்தது. பக்கத்தில் நின்ற வயதான அம்மா, “சேறடிச்சுப் போட்டுப் போறான் பாருங்க தம்பி” என்றார். பையனோ சேட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் தெறிச்சுப் போச்சு ஆச்சி, இனி எப்படிப் பள்ளிக்குப் போற?” என்றான்.

நடந்தது ஒன்றே. ஆங்கிலத்தில் இருவரும் ‘ஸ்பிளாஷ்’ என்ற ஒரே சொல்லைத்தான் சொல்லியிருப்பார்கள். தமிழிலோ அந்த அம்மா ‘அடித்தான்’ என்றார். பையன் ‘தெறித்தது’ என்றான். அவர் செய்தவனைப் பார்த்தார். பையன் தன் சேட்டைப் பார்த்தான். யார் செய்தது, வேண்டுமென்று செய்ததா, துளி பெரிதா சிறிதா, நனைந்த பொருளுக்கு என்ன ஆயிற்று என்று தமிழ் முதலிலேயே பார்த்து, அதற்கேற்ற வினையை எடுக்கிறது. ஆங்கிலச் சொல் இவை எதையும் பார்ப்பதில்லை. திரவம் மோதியது, சத்தத்தோடு சிதறியது என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளர், ‘ஸ்பிளாஷுக்குத் தமிழ் என்ன?’ என்று கேட்பதைவிட, ‘இங்கே எது எதில் மோதியது, அதை யாருடைய கண்ணால் பார்க்கிறோம்?’ என்று கேட்டால் சொல் தானாகவே கைக்கு வரும்.

எந்த இடத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லை எடுப்பது?

துளி தானாகப் பாய்வதைச் சொல்ல வேண்டுமானால் ‘தெறி’. தாச்சியில் மீன் பொரிக்கும்போது எண்ணெய் தெறிக்கும். குழம்பு கொதித்துச் சுவரில் தெறிக்கும். இந்த வினையில் செய்பவர் இல்லை; துளியே எழுவாய். ‘அவன் என்மேல் தண்ணீரைத் தெறித்தான்’ என்று எழுதும் மாணவர்கள் உண்டு. இலக்கண நூலில் இடம் இருக்கலாம். பேசுகிறவர் காதுக்கு அது ஒட்டாது. ‘தெறிக்க விட்டான்’ என்றோ ‘அடித்தான்’ என்றோ எழுதுவது நல்லது.

கையால், அளவோடு, ஒரு நோக்கத்தோடு செய்வது ‘தெளி’. விடியற்காலையில் சாணம் கரைத்து முற்றம் தெளிப்பதும், அம்மன் கோயில் சடங்கில் வேப்பிலைக் கொத்தால் மஞ்சள் நீர் தெளிப்பதும் இவ்வகை. இவற்றை ஆங்கிலத்தில் ஸ்பிளாஷ் என்று எழுதினால் அடக்கமான ஒரு செயல் ஆர்ப்பாட்டமாகிவிடும். ‘ஸ்பிரிங்கிள்’ என்பதே அங்கே பொருந்தும். ஆக, அகராதியில் ‘ஸ்பிளாஷ்’ என்பதற்கு நேரே ‘தெளித்தல்’ என்று இருப்பதை நம்பி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள்.

விளையாட்டாகவோ கோபமாகவோ கைநிறைய வீசுவது ‘அடித்தல்’, ‘வாரியடித்தல்’, ‘வாரியிறைத்தல்’. பாசிக்குடாவில் கரையிலிருந்து நெடுந்தூரம்வரை ஆழமில்லாத கடலில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் அடித்து விளையாடுவது இதற்குச் சரியான காட்சி. ஓர் எச்சரிக்கை: ‘தண்ணீர்’ என்பதைப் பேச்சு வழக்கில் ‘தண்ணி’ என்று எழுதி, பின்னால் ‘அடித்தார்கள்’ என்று முடித்தால், வாசகர் மதுச்சாலையை நினைத்துக்கொள்வார். வகுப்பில் ஒருவர் ‘கடற்கரையில் சிறுவர்கள் தண்ணி அடித்தார்கள்’ என்று எழுதியதை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

முகம் கழுவும்போது கையில் ஏந்திய நீரை முகத்தில் விசுக்கென்று விடுவதற்கு ஆங்கிலேயர் ஸ்பிளாஷ் என்றே சொல்வார்கள். நாம் ‘முகத்துக்குத் தண்ணீர் அடித்தான்’ என்போம், அல்லது ‘முகத்தில் தண்ணீரை வாரி விட்டான்’ என்போம். கனமான பொருள் நீரில் விழுந்தால் சத்தத்தை முன்னிறுத்தி, ‘தொப்பென்று விழுந்தது’, ‘சளாரென்று விழுந்தது’ என்று எழுதலாம். அங்கே தெறித்தலைத் தனியே சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் ஒலிக்குறிப்பிலேயே அது அடங்கிவிடுகிறது.

ஒலிக்குறிப்புக்கும் இச்சொல்லுக்கும் அவ்வளவு நெருக்கமா?

ஆம். சொல்லின் பிறப்பே அதில்தான். பழைய ஆங்கிலத்தில் குட்டை, தேங்கிய நீர் என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. அதன் வழியில் வந்த ‘பிளாஷ்’ நீரின் சலசலப்பையும் குறித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் முன்னே ஒரு ‘ஸ்’ சேர்ந்து, அழுத்தம் கூடிய வடிவமாக ‘ஸ்பிளாஷ்’ வழக்குக்கு வந்தது. பழைய ‘பிளாஷ்’ இன்று பெரும்பாலும் கவிதைகளில் மட்டும் கிடக்கிறது.

இதில் கவனிக்கத்தக்க ஒழுங்கு ஒன்று உண்டு. ஸ்பிட், ஸ்பிரே, ஸ்பில், ஸ்பர்ட், ஸ்பவுட், ஸ்பட்டர், ஸ்பிரிங்கிள் என்று, ‘ஸ்ப்’ என்ற ஒலியில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களில் எத்தனையோ வாயிலிருந்தோ குழாயிலிருந்தோ திரவம் பாய்வதைக் குறிக்கின்றன. மறுபுறம் கிராஷ், ஸ்மாஷ், பாஷ், டாஷ், கிளாஷ் என்று ‘ஆஷ்’ ஒலியில் முடியும் பல சொற்கள் மோதலைக் குறிக்கின்றன. ஸ்பிளாஷ் இந்த இரண்டு கூட்டத்திலும் ஒரே நேரத்தில் நிற்கிறது: முன்பாதி பாய்கிறது, பின்பாதி மோதுகிறது. ஆங்கிலம் தெரியாத ஒருவர்கூட அதைக் கேட்டு ஓரளவு ஊகிக்க முடிவதற்கு இது ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

தமிழிலும் இத்தகைய ஒழுங்கு இருக்கிறது. ஆனால் வேறு இடத்தில் இருக்கிறது. பளார், படார், சடார், சளார் என்று ‘ஆர்’ ஒலியில் முடிபவை விரிந்த மோதலைக் காட்டுகின்றன. தொப், சளப், டப் என்று வல்லின ஒற்றில் நிற்பவை சட்டென்று முடியும் மோதலைக் காட்டுகின்றன. வேறுபாடு என்னவென்றால், ஆங்கிலம் அந்த ஒலியையே வினையாக்கிக் காலமும் இடமும் ஏற்றிவிடுகிறது. நாம் ஒலிக்கு ‘என்று’ சேர்த்து அதை அடைமொழியாக வைத்துக்கொண்டு, வினையைத் தனியே தேர்ந்தெடுக்கிறோம். கல்லடிப் பாலத்தில் இரவு நேரத்தில் நின்றால், வாவியில் மணலை மீன் துள்ளி விழும் சத்தம் கேட்கும். ஆங்கிலக் கதாசிரியர் அங்கே ஒற்றைச் சொல்லாக ‘ஸ்பிளாஷ்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். தமிழில் ‘எங்கோ ஒரு மீன் சளக்கென்று துள்ளி விழுந்தது’ என்று விரித்தால்தான் இருட்டில் அந்தச் சத்தம் வாசகருக்குக் கேட்கும். ஒரு சொல்லுக்கு ஒரு வாக்கியம் செலவானதே என்று வருந்த வேண்டியதில்லை.

ஒரு துளி விழும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

மொழிக் கேள்வி இல்லைதான். ஆனாலும் பதில் சொற்களுக்கு உதவும். மெல்லிய திரவப் படலத்தின் மேல் துளி விழுந்தால், விழுந்த இடத்தைச் சுற்றி வட்டமாக ஒரு சுவர் எழும்புகிறது. அதன் விளிம்பு முத்து முத்தாகப் பிரிந்து துளிகளாகப் பாய்கிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு கிரீடம் போலிருக்கும். ஆங்கிலேய இயற்பியலாளர் ஆர்தர் வொர்திங்டன் பல ஆண்டுகள் இதைப் படம்பிடித்து ஆராய்ந்து 1908 இல் நூலாக வெளியிட்டார். அமெரிக்கரான ஹரல்ட் எட்ஜர்ட்டன் 1957 இல் எடுத்த, பால் துளி கிரீடமாக எழும் வண்ணப்படம் இன்று பாடநூல்களிலும் சுவரொட்டிகளிலும் காணக்கூடியது.

ஆழமான நீரில் விழும் துளி ஒரு குழியை உண்டாக்கும். குழி மூடும்போது நீருக்குள் சிறு காற்றுக் குமிழி ஒன்று சிக்கி அதிரும். சொட்டுச் சொட்டாக நீர் விழும்போது நாம் கேட்கும் ஒலி பெரும்பாலும் அந்தக் குமிழியினுடையது. நம் ‘தெறி’ அந்தச் சுவரைப் பார்க்கிறது. ‘குபுக்’, ‘களக்’ என்பவை அந்தக் குமிழியைக் கேட்கின்றன என்று வகுப்பில் சொல்வதுண்டு.

ஸ்பில், ஸ்பிரே, ஸ்பேட்டர், ஸ்லொஷ் ஆகியவற்றிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

ஸ்பில் என்பது பாத்திரத்தை விட்டு வெளியேறுதல், சிந்துதல். நம் பக்கப் பேச்சில் ‘ஊத்துப்பட்டுப் போச்சு’ என்பது இதற்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது, ஏனென்றால் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. குளத்து அணைக்கட்டில் ‘ஸ்பில்’ என்று பொறியியலாளர் சொல்வதை நாம் ‘வான்’ என்கிறோம். மாரியில் உன்னிச்சைக் குளம் வான் பாய்கிறது என்று செய்தி வந்தால் மேலதிக நீர் வெளியேறுகிறது என்று பொருள். இதைத் தெரியாமல் ‘குளம் சிந்துகிறது’ என்று மொழிபெயர்த்தால் விவசாயிகள் சிரிப்பார்கள்.

ஸ்பிரே என்பது நுண்துளிகளாக, ஒரு திசையில், தொடர்ந்து வருவது. வயலில் நாம் ‘மருந்தடித்தல்’ என்பது அதுதான். விசிறுதல் என்றும் எழுதலாம். ஸ்பேட்டர் என்பது சிறு சிறு பொட்டுகளாகப் பட்டு, பட்ட இடத்தில் கறை நிற்பது. ஸ்பிளாட்டர் என்றொரு சொல்லும் உண்டு; ஸ்பிளாஷும் ஸ்பேட்டரும் கலந்து பிறந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. கெட்டியான, ஒட்டும் திரவத்துக்கே அது மிகுதியும் வரும்.

ஸ்லொஷ் எல்லாவற்றிலும் சுவையானது. பாத்திரத்துக்குள்ளேயே திரவம் அங்குமிங்கும் ஆடுவதை அது குறிக்கிறது. நமக்கு இதற்குத் ‘தளும்புதல்’ என்ற அழகான சொல் இருக்கிறது. ‘நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்’ என்ற பழமொழியே ஓர் இயற்பியல் உண்மையைத்தான் சொல்கிறது. பாதி நிரம்பிய பவுசர் வளைவில் திரும்பும்போது உள்ளே ஆடும் திரவம் வண்டியையே தள்ளாட வைக்கும். எரிபொருள் கொண்டு செல்லும் தாங்கிகளுக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகள் வைப்பது இதற்காகவே. தளும்பியது விளிம்பைத் தாண்டினால்தான் சிந்தும்; சிந்தியது எதிலாவது வேகமாகப் பட்டால்தான் தெறிக்கும். இந்த மூன்று படிகளையும் மனதில் வைத்திருப்பவருக்கு ஸ்லொஷ், ஸ்பில், ஸ்பிளாஷ் மூன்றும் குழம்பாது.

வாக்கியத்தில் ‘ஒன்’ வருமா, ‘வித்’ வருமா?

இரண்டும் வரும், பொருள் சிறிது மாறும். ‘ஹீ ஸ்பிளாஷ்ட் பெயின்ட் ஒன் த வோல்’ என்றால் சுவரில் எங்கோ சில இடத்தில் வர்ணம் பட்டது. ‘ஹீ ஸ்பிளாஷ்ட் த வோல் வித் பெயின்ட்’ என்றால் சுவர் நன்றாகவே வர்ணமாகிவிட்டது என்ற தொனி ஏறுகிறது. முதலில் திரவம் செயப்படுபொருள்; இரண்டாவதில் இடமே செயப்படுபொருள்.

மாணவர்கள் இது தமிழில் இல்லாத விந்தை என்று நினைக்கிறார்கள். ‘முற்றத்தில் தண்ணீர் தெளித்தாள்’ என்பதையும் ‘முற்றம் தெளித்தாள்’ என்பதையும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் முற்றம் முழுவதும் நனைந்து விடுகிறதல்லவா? அதே உத்திதான்.

‘அரவுண்ட்’ அல்லது ‘அபவுட்’ சேர்ந்து வந்தால் நீருக்குள் கைகாலை அடித்து அளைந்து விளையாடுதல் என்று பொருள்படும். ‘துரூ’ சேர்ந்தால், நீரைத் தெறிக்கவிட்டுக்கொண்டு அதனூடாக நடந்து போதல்.

உச்சரிப்பில் எங்கே தவறு நேர்கிறது?

இரண்டு இடத்தில். முதலாவது தொடக்கம். தமிழில் மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது. இங்கோ மூன்று மெய்யொலிகள் அடுக்கி நிற்கின்றன. எனவே நாக்கு தானாகவே முன்னால் ஓர் ‘இ’ போட்டு ‘இஸ்பிளாஷ்’ என்கிறது. நடுவில் நாம் எழுதும் ‘பி’யில் உள்ள இகரமும் எழுத்தின் வசதிக்காக வந்ததே, ஒலிக்கும்போது அது இருக்கக் கூடாது. இரண்டாவது, ‘ளா’ என்று நெடிலாக எழுதினாலும் ஆங்கிலத்தில் அது குறுகிய, வாயை அகலத் திறந்து சொல்லும் உயிரொலி. ‘கேட்’ என்று பூனையைக் குறிக்கும் சொல்லில் வருவது. இறந்தகால வடிவின் இறுதியில் ‘ட்’ என்ற ஒலி மட்டுமே வரும். ‘ஸ்பிளாஷெட்’ என்று அசை கூட்ட வேண்டாம். பன்மையிலும் படர்க்கை ஒருமையிலும் மட்டும் ‘ஸ்பிளாஷிஸ்’ என்று ஓர் அசை கூடும்.

சமையல் குறிப்பில் ‘எ ஸ்பிளாஷ் ஒஃப் மில்க்’ என்றால் எவ்வளவு?

அளவு இல்லாத அளவு. சாய்த்தவுடன் நிமிர்த்தினால் விழுவது. ‘தேத்தண்ணிக்குக் கொஞ்சம் பால் விடு’ என்று சொன்னால் எவ்வளவு விடுவோமோ அவ்வளவு. ‘ஒரு தெறிப்புப் பால்’ என்று எழுதுவது பிழை. ‘சிறிதளவு பால் விட்டு’ என்று எழுதிவிடலாம். எலுமிச்சம் சாறு, வினாகிரி போன்றவற்றுக்கும் இதே விதி. ‘ஸ்பிளாஷ் ஒஃப் கலர்’ என்று வீட்டலங்காரக் கட்டுரையில் வந்தால் அது வெள்ளைச் சுவருக்கு நடுவே பளிச்சென்று தெரியும் ஒரு நிறம்.

‘மேக் எ ஸ்பிளாஷ்’, ‘ஸ்பிளாஷ் அவுட்’ என்பவை எதைக் குறிக்கின்றன?

முதலாவது, பலருடைய கவனத்தை ஒரேயடியாக இழுத்தல். ‘பரபரப்பை ஏற்படுத்தினார்’, ‘அமர்க்களப்படுத்தினார்’ என்று இடத்துக்கேற்ப எழுதலாம். சினிமா வழியாகப் பரவிய ‘தெறிக்க விட்டார்கள்’ என்ற இளைஞர் வழக்கு வியக்கத்தக்க அளவுக்கு இதனோடு ஒத்துப்போகிறது. முறையான கட்டுரையில் அதை எழுத நான் தயங்குவேன், விளையாட்டுச் செய்தியில் தயங்க மாட்டேன்.

இரண்டாவது, பிரித்தானிய வழக்கு: கைநீட்டமாகச் செலவு செய்தல். இங்கே தமிழ் ஒரு படி முன்னால் நிற்கிறது. ‘பணத்தை வாரி இறைத்தான்’, ‘காசைத் தண்ணீராய்ச் செலவழித்தான்’ என்று நாம் நெடுங்காலமாகவே பணத்தை நீராக்கி வைத்திருக்கிறோம். நீரை அள்ளி வீசுவதும் பணத்தை அள்ளி வீசுவதும் ஒன்று என்று இரண்டு மொழிக்காரரும் தனித்தனியே கண்டிருக்கிறார்கள். ஆனால் தொனி வேறு: ஆங்கிலத்தில் அது ஒருநாள் மகிழ்ச்சிக்காகச் செய்த செலவு, குற்றமில்லை. ‘வாரி இறைத்தான்’ என்பதிலோ மாமியார் ஒருவரின் முகச்சுளிப்பு ஒளிந்திருக்கிறது. பெருநாளுக்கோ பொங்கலுக்கோ புத்தாடை எடுத்ததைச் சொல்லும் வாக்கியத்தில் ‘கொஞ்சம் தாராளமாகவே செலவழித்தோம்’ என்பது பொருத்தம்.

பத்திரிகை அலுவலகத்தில் ‘ஸ்பிளாஷ்’ என்றால் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வரும் பிரதான செய்தி. ‘தலைப்புச் செய்தி’ போதும்.

கைபேசியில் ‘ஸ்பிளாஷ் புரூஃப்’ என்று போட்டிருந்தால் நீரில் போடலாமா?

கூடாது. தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதுதான் அதன் பொருள். மூழ்கினால் தாங்கும் என்பதல்ல. பொருட்களின் பெட்டியில் ‘ஐ.பி.’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் இரண்டு இடங்களில் இரண்டாவது இலக்கம் நீரைப் பற்றியது. 4 என்றால் எந்தத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீருக்குப் பாதுகாப்பு. 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருக்கலாம். இந்தச் சோதனைகள் நன்னீரில் செய்யப்படுபவை என்பதை வாவியில் தோணி விடுபவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் நினைவில் வைக்க வேண்டும். உப்புநீர் உலோகத் தொடுப்புகளை வேறு விதமாக அரிக்கும். ‘நீர் புகாதது’ என்று மொழிபெயர்த்தால் வாங்கியவர் ஏமாறுவார். ‘நீர்த்துளி பட்டால் பாதிக்காதது’ என்பது நீளமானாலும் நேர்மையானது.

களைநாசினிப் போத்தலில் வரும் ‘அவொய்ட் ஸ்பிளாஷிங்’ என்பதை எப்படி எழுதுவது?

அம்பாறை மாவட்டத்தில் நெல் விளையும் ஊர்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு இது வெறும் பாடக் கேள்வி அல்ல. ‘தெளிப்பதைத் தவிர்க்கவும்’ என்று ஒருவர் எழுதிக் கொண்டுவந்தார். வயலில் தெளிப்பதற்கென்றே வாங்கிய மருந்தைத் தெளிக்க வேண்டாமென்றால் விவசாயி என்ன செய்வார்? சொல்லவந்தது, கலக்கும்போதும் ஊற்றும்போதும் மருந்து மேலே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான். தாங்கியில் நீரோடு கலந்து அடிக்கும் மருந்தைவிட, மூடியால் அளந்து ஊற்றும்போது தெறிக்கும் மருந்து ஆபத்தானது, ஏனென்றால் அது இன்னும் நீர் சேராத செறிந்த நிலையில் இருக்கிறது. எனவே ‘கண்ணிலோ தோலிலோ தெறிக்காதபடி கவனமாக ஊற்றவும்’ என்று முழுமையாக எழுதுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஓடும் சுத்தமான நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, போத்தலையோ அதன் சுட்டியையோ எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

விவசாயக் குறிப்புகளில் ‘ரெயின் ஸ்பிளாஷ்’ என்று வருவது என்ன?

மழைத்துளி வெறும் மண்ணில் மோதி, மண் துகள்களை எழுப்பி எறிவது. மழை பெய்த பின்னர் வீட்டுச் சுவரின் அடிப்பகுதியில் முழங்கால் உயரத்துக்கு மண் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவே சாட்சி. மண்ணரிப்பின் முதற்படி இது. மேலும், மண்ணிலும் உதிர்ந்த இலையிலும் இருக்கும் பூஞ்சணமும் பற்றீரியாவும் இந்தத் தெறிப்பில் ஏறி மிளகாய், தக்காளிச் செடிகளின் கீழ் இலைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. வைக்கோலால் மூடுபடை இட்டால் தெறிப்பு குறையும். ‘மழைத்துளித் தெறிப்பு’ என்று எழுதலாம்; இங்கே ‘தெறிப்பு’ பிசகில்லாமல் உட்காருகிறது.

‘ஸ்பிளாஷ் டவுன்’, ‘ஸ்பிளாஷ் ஸ்கிரீன்’?

முன்னது விண்கலம் பரசூட்டில் வந்து கடலில் இறங்குவது. அப்பலோ 11 இன் வீரர்கள் 1969 யூலை 24 அன்று பசிபிக் சமுத்திரத்தில் அப்படித்தான் இறங்கினார்கள். ‘கடலில் தரையிறங்கியது’ என்று எழுதாதீர்கள். கடலில் தரை இல்லை. பின்னது, கணினியிலோ கைபேசியிலோ ஒரு செயலி திறக்கும்வரை தோன்றி மறையும் படம். ‘வரவேற்புத் திரை’ எனலாம்.

வெள்ளம், கடற்கோள் போன்றவற்றுக்கு இச்சொல்லைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். 2004 டிசெம்பர் 26 ஐப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிய மாணவி ஒருவர், அலை ஊருக்குள் ‘ஸ்பிளாஷ்’ ஆனது என்று எழுதியிருந்தார். இலக்கணப்படி வாக்கியம் சரி. ஆனால் இது கையளவு நீருக்கும் வாளியளவு நீருக்கும் உரிய, விளையாட்டுத் தொனி படிந்த சொல். பாறையில் அலை மோதித் தெறிப்பதுவரை தாங்கும். வீடுகளைக் கொண்டுபோன நீரை அது தாங்காது. நாவலடியிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் அந்த நாளை அறிந்த எவரும் அதைத் தெறிப்பு என்று தமிழில் சொல்ல மாட்டார்கள் அல்லவா? அந்த மாணவி மறுபேச்சின்றிச் சொல்லை அடித்துவிட்டு, கடல் உள்ளே வந்தது என்று மட்டும் எழுதினார்.

நீச்சல் தடாகத்தில் ‘நோ ஸ்பிளாஷிங்’ என்ற அறிவிப்புக்குத் தமிழ் என்ன?

கடற்கரை விடுதி ஒன்றில் இதற்கு ‘நீர் தெளித்தல் தடை’ என்று எழுதி வைத்திருந்தார்கள். சடங்கைத் தடை செய்ததுபோல இருந்தது. ‘தண்ணீரை வாரியடித்து விளையாட வேண்டாம்’ என்று எழுதித் தரலாமா என்று கேட்டேன். பலகையில் அவ்வளவு இடமில்லை என்றார்கள். ‘தண்ணீர் அடிக்க வேண்டாம்’ என்று சுருக்கிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்த காவலாளி, “அதுக்கு வேற போர்ட் ஏற்கெனவே இருக்கு சேர்” என்றார்.